வட இத்தாலியில் இருவராகச் சுற்ற: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

வட இத்தாலிப் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் வரிசையில்தான் சறுக்குகின்றன. முதலில் விமான டிக்கெட், அடுத்து ஹோட்டல், அப்புறம்தான் என்ன பார்ப்பது என்ற யோசனை. அப்படிக் கிளம்பி வருகிறவர்கள் டா வின்சியின் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் வெளியே நிற்பதையும், மதியம் மூன்றரைக்குப் பசியோடு பூட்டிய உணவகங்களைத் தாண்டி நடப்பதையும், டிக்கெட் கையில் இருந்தும் ரயிலில் அபராதம் கட்டுவதையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

இங்கே எடுத்துக்கொண்ட பாதை இது: மிலானில் 3 இரவு, பொலோனியாவில் 4, வெனிசில் 3. மற்ற ஊர்கள் எல்லாம் இந்த மூன்றிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்புபவை. வாடகைக் கார் வேண்டாம். பழைய நகரங்களின் மையப் பகுதிக்குள் அனுமதியில்லாத வண்டிகள் நுழைந்தால் கேமரா பிடித்துவிடும், அபராதக் கடிதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும்.

1. மாதத்தையும் கிழமையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை நல்ல காலம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை சாப்பாட்டுக்கு இன்னும் நல்லது. காட்டுக் காளான், பூசணி, மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் காளான் எல்லாம் அப்போதுதான் வரும்.

ஆகஸ்டைத் தவிருங்கள். போ ஆற்றுச் சமவெளியின் புழுக்கம் ஒரு பக்கம். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி, குடும்பமாக நடத்தும் உணவகங்கள் இரண்டு மூன்று வாரம் கதவடைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவது இன்னொரு பக்கம். சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் அந்த மாதத்தில் திறந்திருப்பவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கடைகள்.

வணிகக் கண்காட்சிகளையும் பாருங்கள். ஏப்ரலில் மிலானின் மரச்சாமான் கண்காட்சி, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அங்கேயே ஃபேஷன் வாரம், ஏப்ரலில் வெரோனாவின் ஒயின் கண்காட்சி, பொலோனியாவில் வசந்தகாலம் முழுக்க ஏதாவது ஒன்று. அந்த நாட்களில் அறை வாடகை இரண்டு மடங்கைத் தாண்டும்.

கிழமையும் முக்கியம். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ஞாயிறு இரவும் திங்களும் பல நல்ல உணவகங்களும் மூடியிருக்கும். அதனால் திங்களைக் கோமோ ஏரிக்கோ ரயில் பயணத்துக்கோ ஒதுக்கிவிடுங்கள்.

2. நேரம் குறித்த டிக்கெட்டுகளை வைத்து மற்றதை அடுக்குங்கள்

இந்தப் பாதையில் முன்பதிவு இல்லாமல் பார்க்கவே முடியாதவை முக்கியமாக இரண்டு. ஒன்று, மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே தேவாலயத்தை ஒட்டிய மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் ‘கடைசி இராவுணவு’. சிறு குழுவாக உள்ளே விடுவார்கள், 15 நிமிடம்தான், திங்கள் விடுமுறை. டிக்கெட்டுகளைச் சில மாதங்களுக்கு மொத்தமாகத் திறப்பார்கள், வேகமாகத் தீரும். அடுத்த விற்பனை எப்போது என்று அதிகாரபூர்வ தளத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று படுவாவில் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம். ஜோத்தோ வரைந்த சுவரோவியங்கள். உள்ளே போகுமுன் 15 நிமிடம் கண்ணாடி அறையில் உட்கார வைப்பார்கள். நம் உடலோடு வரும் ஈரமும் தூசியும் ஓவியத்தைத் தாக்காமல் இருக்கத்தான். தாமதமாகப் போனால் அந்தக் கதவு திறக்காது, அடுத்த குழுவில் சேர்க்கவும் மாட்டார்கள். ஆகவே குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே அங்கே இருங்கள்.

டிக்கெட்டில் இருவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று நம் பெயர்கள் அந்தப் படிவத்தில் இடம் மாறி விழும். கதவருகே நின்று அதை விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இந்த இரண்டும் உறுதியாகும்வரை ஹோட்டல் எல்லாம் ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும். 15 நிமிட டிக்கெட்டுக்காக அறையை ஒரு நாள் தள்ளலாம். அறைக்காக டிக்கெட்டைத் தள்ள முடியாது.

3. விமானமும் விசாவும்

மிலான் மல்பென்சாவில் இறங்கி, வெனிஸ் மார்க்கோ போலோவிலிருந்து கிளம்பும்படி தேடுங்கள். இரண்டு தனி டிக்கெட்டாக வாங்காமல், பல நகரப் பயணம் என்று ஒரே பதிவாகத் தேடினால் விலை பெரிதாக ஏறாது. திரும்பவும் மிலானுக்கு வரும் அரை நாள் மிச்சம்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்திருக்க வேண்டும். நடைமுறையில் இரண்டு மூன்று மாதம் முன்பே போய்விடுங்கள். கோடை நெருங்கினால் நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வழியில் சுவிட்சர்லாந்தையும் சேர்க்கிறவர்கள் கவனிக்க: அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

4. மூன்று ஊரில் மட்டும் பெட்டியைத் திறங்கள்

ஒவ்வொரு முறை ஹோட்டல் மாறும்போதும் அரை நாள் போகும். காலை 10, 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் 2, 3 மணிக்குத்தான் சாவி. இடையில் பெட்டியோடு அலைய வேண்டும். வெரோனாவில் ஒரு இரவு, பார்மாவில் ஒரு இரவு என்று போடுகிறவர்கள் மூன்றாம் நாளே களைத்துப்போகிறார்கள். பெரிய ஊர்களுக்கு இடையே ரயில் அவ்வளவு நெருக்கமாக ஓடும்போது அதற்கு அவசியமும் இல்லை.

மிலானில் சென்ட்ராலே நிலையத்துக்கும் போர்த்தா வெனேசியாவுக்கும் இடையில், பொலோனியாவில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பாருங்கள். வெனிசில் தீவுக்குள்ளேயே தங்குங்கள். கரையில் உள்ள மெஸ்த்ரேயில் அறை மலிவு, உண்மைதான். ஆனால் வெனிஸ் நன்றாக இருப்பது காலை 9 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும். மெஸ்த்ரேயில் தங்குகிறவர்களுக்கு அந்த நேரம் பெரும்பாலும் பேருந்திலும் ரயிலிலும் கழியும்.

தங்கும் வரி தனி. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கிட்டு ஹோட்டலில் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, நகராட்சி வரி.

5. ரயில்: இரண்டு வகை, இரண்டு விதி

ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ என்பவை அதிவேக ரயில்கள். விமானம்போல, முன்கூட்டி வாங்கினால் மலிவு, கடைசி நேரத்தில் விலை கொதிக்கும். டிக்கெட் அந்த ரயிலுக்கும் அந்த இருக்கைக்கும் மட்டுமே செல்லும்.

ரெஜியோனாலே என்பவை வட்டார ரயில்கள். தூரத்துக்கு ஏற்ற நிலையான கட்டணம். இன்று வாங்கினாலும் அதே விலை, போன மாதம் வாங்கினாலும் அதே விலை. இருக்கை எண் கிடையாது.

ஆகவே மிலான்–பொலோனியா, பொலோனியா–வெனிஸ் என்ற இரண்டு நீண்ட பயணங்களுக்கு மட்டும் முன்பே அதிவேக டிக்கெட் வாங்குங்கள். முதலாவது சுமார் ஒரு மணி நேரம், இரண்டாவது ஒன்றரை. பார்மா, மோடெனா, ரவென்னா, வரென்னா எல்லாம் அன்றன்று வட்டார ரயிலில். இதில் இன்னொரு லாபமும் உண்டு: மழை வந்தால் திட்டத்தை மாற்றலாம்.

அபராதம் விழுவது வட்டார ரயிலில்தான். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடை அருகே இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து நேர முத்திரை குத்த வேண்டும். இல்லாவிட்டால் அதே டிக்கெட்டை நாளைக்கும் பயன்படுத்தலாம் என்பதால், முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். கைபேசியில் வாங்கியிருந்தால் ஏறுமுன் செயலியில் செக்-இன் அழுத்த வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே கைபேசியில் வாங்கினால், இரண்டு டிக்கெட்டுக்கும் செக்-இன் ஆனதா என்று பாருங்கள்.

அறிவிப்புப் பலகையில் ரயிலின் கடைசி ஊர் பெயர்தான் பெரிதாக இருக்கும். பொலோனியாவிலிருந்து பார்மா போகும் ரயிலில் பெரும்பாலும் பார்மா என்று எழுதியிருக்காது. மிலான் என்றோ பியாச்சென்சா என்றோ இருக்கும். ஊர் பெயரைத் தேடாமல் ரயில் எண்ணைத் தேடுங்கள். வெனிசுக்கு இறங்க வேண்டியது சாந்தா லூசியா. அதற்கு முந்தைய மெஸ்த்ரேயில் பலர் அவசரப்பட்டு இறங்கிவிடுகிறார்கள். பொலோனியாவில் 16 முதல் 19 வரையிலான நடைமேடைகள் நிலத்தடியில் ஆழத்தில் இருக்கின்றன. அதிவேக ரயிலுக்கு அங்கே கால் மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஷோப்பெரோ’ என்றால் வேலைநிறுத்தம். அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் முக்கியமான வட்டார ரயில்கள் ஓடியே தீரும். அந்த நேரத்துக்குள் போய்த் திரும்பினால் நாள் கெடாது.

நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தின் அருகே உதவ வருகிறவர்களிடம் நன்றி சொல்லி விலகிவிடுங்கள்.

6. மிலான்: மெட்ரோ, கூரை, ஏரி

மெட்ரோ வாயிலில் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஆனால் ஒரு அட்டைக்கு ஒரு ஆள். மனைவி தட்டிவிட்டு அதே அட்டையைக் கணவரிடம் நீட்டுவது அங்கே செல்லாது. இரண்டாவது ஆளுக்கு வேறு அட்டை வேண்டும். இறங்கும் இடத்திலும் அதே அட்டையையே தட்டுங்கள்.

துவோமோ பேராலயத்தின் கூரையில் நடக்கலாம், அதுதான் மிலானில் மறக்காத இடம். காலையில் முதல் நேரத்தை வாங்குங்கள். வெயிலும் கூட்டமும் ஏறுமுன் இறங்கிவிடலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், ஆணுக்கும் அதே விதிதான். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

திங்கட்கிழமை கோமோ ஏரிக்கு. கோமோ நகரத்துக்குப் போகாமல், சென்ட்ராலேயிலிருந்து வரென்னா-எசினோ நிலையத்துக்கு ஏறுங்கள், சுமார் ஒரு மணி நேரம். ரயில் போகும் திசையில் இடப்பக்கம் உட்கார்ந்தால் ஏரி தெரியும். வரென்னா சின்ன நிலையம், கவுண்டரை நம்ப முடியாது. மிலானிலேயே திரும்பும் டிக்கெட்டையும் வாங்கிவிடுங்கள். அங்கிருந்து படகில் பெல்லாஜியோ கால் மணி நேரம். காலையில் முதலில் பெல்லாஜியோ, மாலையில் வரென்னா என்று வைத்தால், கூட்டம் படகுக்குக் காத்திருக்கும்போது நீங்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பீர்கள்.

7. வயிற்றை அங்கத்திய கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

நாளின் திட்டத்தைச் சாப்பாட்டு நேரத்தைச் சுற்றிப் போடுங்கள். மதியச் சமையலறை 12:30க்குத் திறந்து 2:30க்கு மூடும். இரவு 7:30க்கு முன் அடுப்பு பற்றாது. இடையில் திறந்திருப்பவை சாண்ட்விச்சும் சுற்றுலாக் கடைகளும்.

காலை உணவு சின்னது. ‘பார்’ என்று எழுதியிருப்பது அங்கே காபிக்கடைதான், தயங்காமல் போங்கள். கப்புச்சினோவும் ஒரு ப்ரியோஷும், அதாவது இனிப்பு ரொட்டி. நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. வெனிசின் சான் மார்கோ சதுக்கத்தில் இசைக்கும் தனியாகப் பணம் சேர்ப்பார்கள். நின்றே குடியுங்கள்.

மதியத்தைப் பெரிய சாப்பாடாக ஆக்குங்கள். வேலைநாட்களில் அலுவலகக்காரர்களுக்காகப் பல உணவகங்களில் நிலையான விலைச் சாப்பாடு உண்டு. இரவில் அதே கடையில் அதைவிடக் கூடுதலாக ஆகும். மாலை 6 முதல் 8 வரை அபெரிதீவோ: ஒரு பானம், கூடவே கொறிக்க ஏதாவது. மது வேண்டாதவர்கள் ‘அனால்கோலிக்கோ’ என்று கேட்கலாம். இரவு லேசாக முடித்துக்கொள்ளலாம்.

வெள்ளி, சனி இரவுக்கும் ஞாயிறு மதியத்துக்கும் மேசையை முன்பே சொல்லிவையுங்கள். இருவர் மேசைதான் முதலில் தீரும்.

8. இருவருக்கு ஆர்டர் செய்வது எப்படி

மெனுவில் ஆந்திபாஸ்தோ (தொடக்கத் தட்டு), ப்ரீமோ (முதல் தட்டு), செகோந்தோ (இறைச்சி அல்லது மீன்), கொந்தோர்னோ (பக்கக் காய்கறி), தோல்சே (இனிப்பு) என்று ஐந்து படி இருக்கும். எல்லாவற்றையும் ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எனக்குச் சரியாக வரும் அளவு: ஒரு ஆந்திபாஸ்தோவைப் பகிர்ந்து, ஆளுக்கு ஒரு ப்ரீமோ, அதாவது பாஸ்தாவோ, அரிசியில் செய்யும் ரிசோத்தோவோ. பசி மிச்சமிருந்தால் ஒரு செகோந்தோவை இருவரும். ஒரே பாஸ்தாவை இருவர் பங்கிடுவது மட்டும் அங்கே கொஞ்சம் அசட்டுத்தனமாகப் படும்.

பில்லில் ‘கோப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், மெனுவில் சின்ன எழுத்தில் இருக்கும். டிப்ஸ் கட்டாயம் இல்லை. தண்ணீர் பாட்டிலாக வரும், அதற்கும் காசு. பில்லை நீங்கள் கேட்டால்தான் கொண்டுவருவார்கள். கேட்காமல் நீட்டுவது விரட்டுவதுபோல ஆகிவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

முழு மீனுக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. ஒரு தட்டின் விலை என்று நினைத்து வெனிசில் இரண்டு மீன் சொன்னவர்களின் முகத்தைப் பில் வரும்போது பார்க்க வேண்டும். எடை என்ன, மொத்தம் எவ்வளவு என்று சமைக்கும் முன்பே கேளுங்கள். மீன் பெயருக்கு நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்தது.

9. சைவம் என்றால் என்ன சொல்ல வேண்டும்

‘வெஜெதாரியானோ’ என்று மட்டும் சொன்னால் போதாது. மிலானின் மஞ்சள் ரிசோத்தோ பார்க்கச் சைவம். பெரும்பாலும் இறைச்சி வடித்த நீரில் வேகிறது, எலும்பு மஜ்ஜையும் சேர்வதுண்டு. மோடெனாவின் பொரித்த மாவுப் பண்டமான ஞோக்கோவில் பன்றிக் கொழுப்பு. பல காய்கறி உணவுகளில் நெத்திலி ஒளிந்திருக்கும். ‘சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா ப்ரோதோ தி கார்னே’ என்று சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சிச் சாறு வேண்டாம்.

பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில், பாலைத் திரைய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு. அதையும் தவிர்ப்பவர்கள் பாஸ்தாவின்மேல் தூவ வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. நிரப்பிய பாஸ்தாவின் உள்ளேயும் அது இருக்கும். அவர்களுக்குத் தக்காளி, பூண்டு மட்டுமுள்ள பீட்சா மரினாரா பாதுகாப்பானது.

பாலாடைக்கட்டி சாப்பிடும் சைவர்களுக்குக் குறையே இல்லை. நிரப்பிய பாஸ்தாக்களான பார்மாவின் கீரை-ரிக்கோத்தா தொர்தெல்லி, ஃபெர்ராரா பக்கத்துப் பூசணி கப்பெல்லாச்சி. பின்னதை ‘பூர்ரோ எ சால்வியா’, வெண்ணெயும் சேஜ் இலையும் என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மேலே இறைச்சிக் குழம்பு வரலாம். வெரோனாவில் குதிரை இறைச்சி சாதாரணம். ‘கவால்லோ’ என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

10. பொலோனியா நான்கு இரவு ஏன்

நிறையப் பேர் இந்த ஊரில் ரயில் மாறுவதோடு சரி. இந்தப் பாதையில் நன்றாகச் சாப்பிட முடிவதும், எல்லாத் திசைக்கும் ரயில் கிடைப்பதும் இங்கேதான். ஊர் முழுக்க மூடிய தூண்வரிசை நடைபாதைகள், மழையிலும் குடையில்லாமல் நடக்கலாம். அசினெல்லி கோபுரத்தில் ஏறும் திட்டத்தை மட்டும் போகுமுன் சரிபாருங்கள். பக்கத்திலுள்ள கரிசெந்தா கோபுரத்தின் சாய்வு கவலை தரவே 2023இல் அந்த இடத்தை அடைத்துவிட்டார்கள்.

ஸ்பெகெத்தி போலொஞ்ஞேசைத் தேடாதீர்கள். இறைச்சிக் குழம்பு சேர்த்த பட்டைப் பாஸ்தாவான தால்யதெல்லே அல் ராகு கேளுங்கள். குளிர்ந்த நாளில் தொர்தெல்லினி இன் ப்ரோதோ, இறைச்சிச் சாறில் வரும் சின்ன நிரப்பிய பாஸ்தா. ஒரு மதியம் பழைய சந்தைப் பகுதியான க்வாத்ரிலாத்தெரோவின் சந்துகளில் மோர்ததெல்லா (பன்றி இறைச்சிச் சாசேஜ்), சீஸ், ரொட்டி வாங்கிக்கொண்டு ஒஸ்தெரியா தெல் சோலேக்குப் போங்கள். அங்கே குடிக்க மட்டும்தான் விற்பார்கள், சாப்பாட்டை நாமே கொண்டுபோக வேண்டும். வெறுங்கையோடு உள்ளே போய் மெனு கேட்பவர்களைத் தினமும் பார்க்கலாம்.

பார்மிஜானோ செய்வதைப் பார்க்க வேண்டுமானால் பார்மா அல்லது மோடெனா பக்கத்துச் சீஸ் ஆலை ஒன்றில் முன்பதிவு செய்து, காலை 8:30 வாக்கில் அங்கே இருங்கள். செப்புக் கொப்பரையிலிருந்து தயிர்க்கட்டியைத் துணியில் தூக்கி இரண்டாக வெட்டுவது காலையில் மட்டும்தான். ஒரு கொப்பரைக்கு இரண்டு சக்கரம், ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோ. மதியம் போனால் அலமாரியைத்தான் பார்க்கலாம். ஆலைகள் ஊருக்கு வெளியே இருப்பதால் நிலையத்திலிருந்து டாக்சிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் ரவென்னாவின் மொசைக்குகள், வட்டார ரயிலில் ஒன்றே கால் மணி நேரம். இருவரில் ஒருவருக்குத் தேவாலயங்கள் அலுத்துவிட்டால் காலையைப் பிரித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டில் சந்திப்பது நல்ல ஏற்பாடு.

வெரோனாவுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். ஜூலியட் வீட்டு பால்கனிக்கு வரிசையில் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அந்த பால்கனியே 20ஆம் நூற்றாண்டில் பொருத்தியது. அந்த நேரத்தில் போந்தே பியேத்ரா பாலத்தைக் கடந்து காஸ்தெல் சான் பியேத்ரோ மேட்டில் ஏறுங்கள். ஊர் முழுக்கத் தெரியும், காசும் இல்லை.

11. படுவா வழியாக வெனிஸ்

படுவா, பொலோனியா–வெனிஸ் தடத்திலேயே இருக்கிறது. ஊர் மாறும் நாளில் அங்கே இறங்கி, நிலையத்தில் பெட்டியை வைத்துவிட்டு ஸ்க்ரோவெஞ்ஞியைப் பாருங்கள். பலாத்சோ தெல்லா ராஜோனே மண்டபத்தின் கீழிருக்கும் கடைகளில் மதியச் சாப்பாடு. வெனிஸ் அங்கிருந்து அரை மணி நேரம்தான். இப்படிப் போவதாக இருந்தால் பொலோனியாவிலிருந்து ஒரே டிக்கெட் எடுக்காமல் படுவா வரை ஒன்று, அங்கிருந்து வட்டார ரயிலுக்கு ஒன்று என்று வாங்குங்கள்.

வெனிசில் பெட்டிதான் எதிரி. பாலம் என்றால் படிக்கட்டு. ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போதே, அருகிலுள்ள வாப்போரெத்தோ (நீர்ப்பேருந்து) நிறுத்தத்திலிருந்து எத்தனை பாலம் என்று வரைபடத்தில் எண்ணிவிடுங்கள். வாப்போரெத்தோ ஒற்றைப் பயணம் 9.50 யூரோ என்பதால், நாளுக்கு மூன்று முறை ஏறுவீர்கள் என்றால் 24 மணி நேரப் பாஸ்தான் லாபம்.

வசந்தகாலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் சில நாட்களுக்குப் பகல்நேரப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அங்கே இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டாம், ஆனால் விலக்குக்கு இணையத்தில் பதிந்து குறியீடு வாங்கியிருக்க வேண்டும்.

கோந்தோலா வாடகை படகுக்கு, ஆளுக்கு இல்லை. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு 7க்குப் பிறகு 35 நிமிடத்துக்கு 110 என்பது நகரம் நிர்ணயித்த விலை. ஏறுமுன் விலையையும் நேரத்தையும் பேசிக்கொள்ளுங்கள். அவ்வளவு வேண்டாம் என்றால், பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் ‘த்ரகெத்தோ’ படகில் ஆளுக்கு இரண்டு யூரோவுக்குப் போகலாம். இரண்டு நிமிடம்தான், அதுவும் கோந்தோலாதான்.

சாப்பாட்டுக்கு பாக்கரோ எனும் சின்ன ஒயின் கடைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிக்கெத்தி எனும் சிறு தீனிகளைக் கைகாட்டி இரண்டு மூன்று வாங்கி, நின்று சாப்பிட்டு அடுத்த கடைக்கு நகர வேண்டும். பக்கலா மந்தெகாத்தோ என்ற கருவாட்டுக் கூழும், வெங்காயம், வினிகரில் ஊறிய மத்தி மீனும் முதலில். ரியால்தோ பக்கத்துக் கடைகள் பலவும் சீக்கிரம் மூடிவிடும். மதியம் அங்கே, மாலை கன்னரேஜோவின் மிசெரிகோர்தியா கால்வாய்க் கரையில். ரியால்தோ மீன் சந்தை காலையில் மட்டும், ஞாயிறும் திங்களும் கிடையாது.

12. வாங்கியதைக் கட்டுவது

சீஸைக் கடையிலேயே காற்று நீக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள். ‘சொத்தோ வூவோத்தோ’ என்றால் புரியும். பொலோனியாவில் வாங்குவது வெனிசைவிட மலிவு. மோடெனாவின் உண்மையான பாரம்பரிய பால்சாமிக்கோ வினிகர் எப்போதும் 100 மில்லி குண்டுப் புட்டியில்தான் வரும், குறைந்தது 12 ஆண்டு பழையது. பெரிய பாட்டிலில் அதே பெயரைக் காட்டினால் அது வேறு வகை. புட்டியைத் துணி சுற்றி விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பக் கேட்கலாம். கடையில் படிவம் வாங்க வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். சுங்க முத்திரை ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில். பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அந்த வரிசைக்குப் போங்கள்.

மார்க்கோ போலோவுக்குப் படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பியாசாலே ரோமாவிலிருந்து பேருந்தில் சுமார் 25 நிமிடம். காலை விமானம் என்றால் பேருந்துதான்.